காலி நாற்காலிக்கு எதிரே
(நமது சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



"நாடகம் நடித்தால் மனசு லேசாகுமாமே, நம்ம ஹாலிலேயே ஒரு பட்டறை வைக்கலாமா?" என்று செயலாளர் கேட்டார். நான் அப்படி ஒன்றுக்குப் போய்வந்தவள் என்று தெரிந்ததும் என்னையே பேசச் சொல்லிவிட்டார். நான் மருத்துவர் இல்லை. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இதற்கு வித்திட்டவர்களில் முக்கியமானவர் ஜேக்கப் மொரேனோ. 1889-இல் புக்கரெஸ்டில் பிறந்து வியன்னாவில் மருத்துவம் படித்தவர். 1920-களின் தொடக்கத்தில் அங்கே எழுதிவைத்த வசனமே இல்லாத நாடகங்களை நடத்தினார். குழுவில் பார்பரா என்றொரு நடிகை. எப்போதும் சாதுவான வேடம்தான். ஒருநாள் அவர் கணவர் வந்து, வீட்டில் இவர் வேறு ஆள், ஒரே சண்டை என்று புலம்பினார். மொரேனோ புத்திமதி எதுவும் சொல்லவில்லை. பார்பராவுக்கு அடாவடியான வேடங்களாகக் கொடுத்தார். வீட்டில் சண்டை குறைந்ததாம். பிறகு கணவரையும் மேடையேற்றி அவர்கள் வீட்டுக் காட்சிகளையே நடிக்கவைத்தார். மொரேனோவே சொன்ன கதை; கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் 1936-இல் அமெரிக்காவின் பீக்கன் நகரில் அவர் மனநல மருத்துவமனை தொடங்கியபோது அதற்குள் ஒரு மேடையும் கட்டினார் என்பது உண்மை.

இனி என் கதை. என் கணவர் காலமாகி இரண்டு வருஷம் கழித்துப் போனேன். முதலில் ஒரு மணி நேரம் விளையாட்டு, நடை, பாட்டு. 'இதற்கா பணம் கட்டினேன்' என்று நினைத்தேன். பிறகு என் முன்னால் ஒரு காலி நாற்காலியைப் போட்டு, அவர் அதில் இருப்பதாக நினைத்துப் பேசச் சொன்னார்கள். கடைசி ராத்திரி ஆஸ்பத்திரியில் இருக்காமல் வீட்டுக்குத் தூங்கப் போய்விட்டேனே என்று, யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். உடனே இடம் மாறி அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். இப்போது நான்தான் அவர். வாயைத் திறந்ததும் வந்த வார்த்தை, "கேஸ் புக் பண்ணிட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அப்புறம்தான் அழுகை வந்தது. அவர் அப்படித்தான் கேட்டிருப்பார். என்மேல் அவருக்குக் கோபம் இருந்திருக்காது என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் எனக்குப் பட்டது.

நடிப்பு முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்தோம். அங்கே ஆறுதலோ ஆலோசனையோ சொல்லக் கூடாது. அதைப் பார்த்தபோது அவரவர் வாழ்க்கையில் என்ன ஞாபகம் வந்தது என்று மட்டும் சொல்ல வேண்டும். ஒரு அம்மா தன் தாயைப் பற்றிச் சொன்னார். என்ன சொன்னார் என்பதை நான் இங்கே சொல்ல முடியாது. அறைக்குள் பேசியது வெளியே போகக் கூடாது என்பது விதி.

என் தயக்கமும் அங்கேதான். அங்கே இருந்தவர்களை நான் மறுபடி பார்க்கவேண்டியதில்லை. இங்கே மறுநாள் காலை லிஃப்டில் பார்ப்போம், அடுத்த மாதம் பராமரிப்புக் கட்டணத்துக்காகச் சண்டை போடுவோம். அழுததை யாராவது பேச்சுவாக்கில் சொல்லிவிட்டால் போதும்.

ஆகவே, நம் ஹாலில் விளையாட்டு, கதை, களிமண், ஓவியம் என்று வைத்துக்கொள்வோம். சொந்தக் கதை வேண்டாம். ஆழமாகப் போக விரும்புகிறவர்கள் வெளியே, முறையாகப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளரிடம் போகட்டும். யாராவது உடைந்துபோனால் என்ன செய்வீர்கள், மறுநாள் யாரிடம் பேசலாம் என்று முதலிலேயே அவரிடம் கேளுங்கள். மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் சேர வேண்டாம். மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

ஹால் வகுப்புக்கான பெயர்ப் பட்டியல் காவலர் அறையில் இருக்கிறது. அவரவர் பெயரை அவரவரே எழுதுங்கள். மருமகள் பெயரை மாமியார் எழுத வேண்டாம்.