இளமையில் வரும் புகழ்



மாசி மாதம் பிறந்துவிட்டால் ஊவா மலைச்சாரல்களில் தப்பின் ஒலி கேட்கத் தொடங்கும். நம் தோட்டங்கள் பலவற்றில் காமன் கூத்து நடைபெறும் காலம் அது. நேற்றுவரை மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன் மன்மதனாகின்றான். அவன் கூட்டாளி ஒருவன் ரதியாகின்றான். காப்புக் கட்டி, விரதம் காத்து, வேஷம் தரித்து வரும் அவர்களைத் தோட்டத்து மக்கள் வெறும் ஆட்டக்காரராகப் பார்ப்பதில்லை, தெய்வமாகவே பார்க்கின்றார்கள். பெரியவர்கள் கூட வணங்கி நிற்பார்கள். கூத்து முடிகின்றது, வேஷம் கலைகின்றது, காப்பு அவிழ்க்கப்படுகின்றது. பிறகு ஒரு காலைப்பொழுதில் அதே இளைஞன் பிரட்டுக்களத்தில் மற்றவரோடு மற்றவராக நின்று பெயர் கொடுக்கின்றான். எவரும் அவனைப் பார்த்து, 'மன்மதனாய் இருந்தவன் இப்படி ஆகிவிட்டானே' என்று இரங்குவதில்லை. அவனும் அப்படி நினைப்பதில்லை.

இந்த எளிய வழக்கத்துக்குள் ஒரு பெரிய அறிவு அடங்கியிருக்கின்றது. புகழை ஒருவருக்கு எவ்வாறு கொடுப்பது என்பதை மட்டுமன்றி, அதனை அவரிடமிருந்து நோகாமல் எவ்வாறு இறக்கி வைப்பது என்பதையும் நம் முன்னோர் தெரிந்து வைத்திருந்தார்கள். இன்று நாம் முதலாவதை மட்டும் செய்கின்றோம், இரண்டாவதை மறந்துவிட்டோம். இளம் பிராயத்தில் வரும் புகழ் பிள்ளைகளின் மனநலத்தை எவ்வாறு தாக்குகின்றது என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை நாம் நினைவுகூர்ந்த ஆண்டு. அதே ஆண்டில், சென்னையிலிருந்து ஒளிபரப்பான 'சரிகமப' என்னும் சிறுவர் பாட்டுப் போட்டிக்குப் புசல்லாவை நயாப்பனத் தோட்டத்திலிருந்து ஒரு சிறுமியும், யாழ்ப்பாணத்து அரியாலையிலிருந்து ஒரு சிறுமியும் சென்றார்கள். மலையகமெங்கும் மக்கள் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் கூடினார்கள். அரியாலைச் சிறுமி அவ்வாண்டு இறுதியில் முதலிடம் பெற்றார். அவர்கள் பெயர்களை நீங்கள் அறிவீர்கள். அவர்கள் இன்னும் பிள்ளைகளே ஆதலால் நான் இங்கே அப்பெயர்களைச் சொல்லாது விடுகின்றேன். அவர்கள் நலமாக வாழ்ந்து, மேலும் பாடி, எல்லாச் சிறப்பும் பெறவேண்டும் என்பதே நம் ஆசை. நான் கேட்பது அவர்களைப் பற்றிய கேள்வியன்று; நம்மைப் பற்றிய கேள்வி. ஒரு தோட்டத்துப் பிள்ளை மேடையேறியபோது, அவள் பாடிய பாட்டை மட்டுமா நாம் கேட்டோம்? 200 ஆண்டுத் துயரத்தையும், லயத்து அறையின் நெருக்கத்தையும், கிடைக்காத காணியையும், குறைந்த கூலியையும் அவள் தோளிலேயே ஏற்றி வைத்து, 'இதனையும் சேர்த்துப் பாடு' என்று சொல்லவில்லையா? பெரியவர்களும் சங்கங்களும் அரசுகளும் சுமக்கவேண்டிய பாரம் அது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதனைச் சுமக்க முடியுமா?

நமுனுகுல மலையடியில் உள்ள ஒரு தோட்டத்தில் ஒரு பெண்பிள்ளை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவளுக்கு வயது பன்னிரண்டு. தாய் கொழுந்து பறிக்கின்றாள். 2024ஆம் ஆண்டில் வர்த்தமானி மூலம் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி 1,350 ரூபாய். குறித்த இறாத்தல் நிறையாவிட்டால் அதிலும் ஐயம். மாரியம்மன் கோவில் திருவிழாவில் அந்தப் பிள்ளை பாடியதை ஒருவர் கைத்தொலைபேசியில் படம் பிடித்து உலகுக்கு அனுப்பிவிடுகின்றார். ஒரே வாரத்தில் பல இலட்சம் பேர் அதனைப் பார்க்கின்றார்கள். தோட்டத்து வாசலில் பதாகை கட்டுகின்றார்கள். பதுளையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஆட்கள் வந்து பேட்டி எடுக்கின்றார்கள். பொன்னாடை போர்த்துகின்றார்கள். பாடசாலையில் அவள் மேசையைச் சுற்றிக் கூட்டம்.

மூன்று மாதம் கழிகின்றது. புதிதாக வேறொரு பிள்ளை வந்துவிட்டது. பார்ப்பவர் தொகை குறைகின்றது. பதாகையை மழை நனைத்துக் காற்றுக் கிழிக்கின்றது. அவளுடைய இரண்டாவது பாட்டின் கீழே, 'முன்னர் போல் இல்லை' என்று எவரோ எழுதுகின்றார். மற்றொருவர் அவள் நிறத்தைப் பழிக்கின்றார். 'உங்களுக்கு இப்போது வசதிதானே' என்று கடன் கேட்டு வருகின்றார் அயலவர். வீட்டிலோ பழைய வறுமை பழையபடியே இருக்கின்றது. தோழியர் சிலர் விலகிவிட்டார்கள். விட்ட பாடங்கள் குவிந்து கிடக்கின்றன. இரவில் அவளுக்கு உறக்கம் வருவதில்லை. 'என்னிடம் என்ன குறை வந்தது?' என்று அவள் தன்னையே கேட்கின்றாள். உண்மையில் அவளிடம் எந்தக் குறையும் வரவில்லை; கூட்டம் கலைந்தது, அவ்வளவுதான். ஆனால் அதனை அவளுக்கு எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை.

இந்த நிலை ஏன் பெரியவர்களை விடப் பிள்ளைகளை அதிகம் தாக்குகின்றது? 'நான் யார்?' என்று ஒருவர் தம்மைத் தேடிக் கண்டுகொள்ளும் காலம் பதின்வயதுக் காலம் என்பது உளவியலாளர் எரிக் எரிக்சன் வகுத்துக் காட்டிய கருத்து. அந்தத் தேடலுக்குத் தவறு செய்யும் உரிமை வேண்டும். ஒருவரும் பாராத மூலை ஒன்று வேண்டும். புகழ் வந்த பிள்ளைக்கு அந்த மூலை கிடைப்பதில்லை. தான் தேடிக் கண்டறியவேண்டிய விடையைக் கூட்டம் முந்திக்கொண்டு சொல்லிவிடுகின்றது: 'நீ பாடுகின்றவள்'. பின்னர் பாட்டுக் குறைந்தால், தானே குறைந்துவிட்டதாக அவள் உணர்கின்றாள். ஆசையை அடக்கி ஆராய்ந்து முடிவெடுக்க உதவும் மூளைப் பகுதி இருபது வயதைக் கடந்த பின்னரும் முதிர்ந்துகொண்டிருக்கின்றது என்பதையும் விஞ்ஞானிகள் எடுத்துக் காட்டியிருக்கின்றார்கள். அன்றியும், 10 முதல் 19 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏழு பேரில் ஒருவர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுக்கு ஆளாகின்றார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. புகழ் இல்லாத பிள்ளைகளையும் சேர்த்துக் கண்ட கணக்கு இது. அவ்வளவு மென்மையான பருவத்தின் மீதே நாம் இந்தப் பாரத்தை ஏற்றுகின்றோம்.

தேயிலைத் தோட்டத்தில் வாழும் உங்களுக்கு இதனை நான் விளக்கவேண்டியதில்லை. கன்று நட்டவுடனே கொழுந்து பறிக்கின்றோமா? வெட்டி, வளைத்து, கிளை பரப்பி, செடிக்கு ஓர் உருவம் வரும்வரை ஆண்டுக்கணக்கில் பொறுத்திருக்கின்றோம். இளங்கன்றின் துளிரெல்லாம் பறித்தால் வேர் ஓடாது என்பது நமக்குத் தெரியும்.

இது புதிய காலத்து நோய் மட்டுமன்று. சங்கரதாஸ் சுவாமிகள் காலந்தொட்டுத் தமிழகத்தில் பாலர் நாடகக் கம்பெனிகள் இருந்தன. சின்னஞ்சிறு பையன்கள் தாய்தந்தையரை விட்டுக் கம்பெனியோடு ஊர் ஊராய்த் திரிந்தார்கள். இராஜபார்ட் போட்டுச் சபையைக் கட்டிப்போட்ட சிறுவனுக்கு ஒருநாள் மகரக்கட்டு உடையும். குரல் மாறியதும் வேஷமும் மாறும். நேற்றைய இராஜா இன்று கூட்டத்தில் ஒருவனாக நிற்பான். செங்கோட்டையில் 1906இல் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா அத்தகைய பாலநடிகராகத் தொடங்கியவரே. இலங்கை மேடைகளும் கொண்டாடிய குரல் அவருடையது. கே. பி. சுந்தராம்பாளோடு அவர் இணைந்து நடிக்கத் தொடங்கியதும் நம் நாட்டிலேதான். 1933 டிசம்பரில் அவர் காலமானபோது வயது 27. ஓய்வு என்பதை அறியாமலே முடிந்துவிட்ட வாழ்க்கை அது. மேடைக்காரரின் தொண்டையை விசாரிப்பார் அன்று பலர் இருந்தார்கள். மனத்தை விசாரிப்பார் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

மேல்நாட்டிலும் இதே கதைதான். அமெரிக்க நடிகை ஜூடி கார்லண்ட், சிறுமியாக இருந்தபோதே மேடையேறியவர். 1939இல் ஒரே படத்தால் உலகப் புகழ் பெற்றவர். இரவில் உறங்கவும் பகலில் விழித்துழைக்கவும் படநிறுவனத்தார் மாத்திரைகள் கொடுத்ததாக அவரே பிற்காலத்தில் கூறினார். வாழ்நாள் முழுவதும் அம்மாத்திரைகளோடு போராடி, 1969இல் தமது 47ஆவது வயதில் மறைந்தார். சாப்ளினோடு 1921இல் நடித்துப் புகழ்பெற்ற சிறுவன் ஜாக்கி கூகன், வளர்ந்த பின் பார்த்தபோது, தான் உழைத்த பெரும் பணத்தைத் தாயும் மாற்றாந்தந்தையும் செலவழித்துவிட்டிருந்தனர். 1938இல் அவர் நீதிமன்றம் சென்றார். மீண்டது சிறு பங்கே. அதன் பயனாக 1939இல் கலிபோர்னியாவில் பாலநடிகர் வருமானத்தைக் காக்கும் சட்டம் பிறந்தது. நம் காலத்தில், டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகா இருபது வயதில் அமெரிக்கப் பகிரங்கப் பட்டத்தை வென்றார். அந்த 2018ஆம் ஆண்டு வெற்றிக்குப் பின்னரே நீண்ட மனச்சோர்வுக்கு ஆளானதாக 2021இல் அவர் வெளிப்படையாகச் சொன்னார். வெற்றியின் உச்சியிலும் நோய் வரலாம் என்பதை உலகம் அன்று கேட்டது.

அப்படியானால் பிள்ளைகள் பாடவே கூடாதா, ஆடவே கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். அப்படி நான் சொல்லவில்லை. 1960இல் 'களத்தூர் கண்ணம்மா'வில் நடித்த குழந்தை கமல்ஹாசன் இந்திய ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் பெற்றவர். குழந்தைப் பருவம் கழிந்ததும் அவர் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடக சபையிற் சேர்ந்தார். பின்னர் நடன ஆசிரியரிடம் உதவியாளராக வேலை செய்தார். புகழின் வெளிச்சத்திலிருந்து சற்றே விலகித் தொழில் பயின்ற ஆண்டுகள் அவருக்கு வாய்த்தன. எல்லாருக்கும் அவர் போல் அமையும் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் புகழுக்கும் புகழுக்கும் இடையே கற்கும் காலம் ஒன்று வேண்டும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

இந்தியாவில் 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, கலைத்துறையில் ஈடுபடும் பிள்ளையை நாளொன்றுக்கு ஐந்து மணித்தியாலத்துக்கு மேலோ, ஓய்வின்றி மூன்று மணித்தியாலத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் ஈடுபடுத்தக் கூடாது. வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்காவது பிள்ளையின் பெயரில் வங்கியில் நிலையான வைப்பாக இடவேண்டும். இவை நல்ல விதிகள். ஆனால் லயத்து வாசலில் ஒருவர் கைத்தொலைபேசியை நீட்டிப் படம் பிடிக்கும்போது அங்கே எந்த விதி வந்து நிற்கும்? அங்கே நிற்க வேண்டியவர்கள் நாம்தாம்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை மேடையிலிருந்து இறங்கியதும், 'எத்தனை பேர் பார்த்தார்கள்?' என்று கேட்கும் முன்னர், 'சாப்பிட்டாயா?' என்று கேளுங்கள். பரிசு வந்த நாளிலும் வராத நாளிலும் வீட்டின் முகம் ஒன்றாக இருக்கட்டும். பிறர் எழுதும் பழிச்சொற்களைப் பிள்ளை தனியே இருந்து வாசிக்க விடாதீர்கள். குடும்பத்தின் கடனை அடைக்கும் பொறுப்பை அதன் குரல்மேல் வைக்காதீர்கள்.

ஆசிரியர்களே, பாடிய பிள்ளை வகுப்புக்குத் திரும்பும்போது விட்ட பாடத்தைப் பொறுமையோடு கற்றுக் கொடுங்கள்; கேலிக்கும் பொறாமைக்கும் அரணாக நில்லுங்கள். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் அதிக புள்ளி எடுத்த பத்து வயதுப் பிள்ளையின் படத்தைச் சந்தியிற் கட்டுகின்றோமே, அதுவும் இத்தகைய புகழே. அடுத்த பரீட்சையில் அந்தப் பிள்ளை சற்றுப் பின்தங்கினால், அந்தப் பதாகையே அதனைக் குற்றஞ்சாட்டும் சாட்சியாக மாறிவிடுகின்றது.

உறக்கம் கெடுதல், உணவில் வெறுப்பு, காரணமின்றி எரிந்து விழுதல், நண்பரை ஒதுக்கித் தனித்திருத்தல், பிடித்த கலையே கசந்துபோதல், வாழ்வில் பயனில்லை என்று பேசுதல் — இவை இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அதனைத் திமிர் என்றோ கண்ணூறு என்றோ சொல்லிக் காலங்கடத்த வேண்டாம். கண்ணூறு கழிப்பதில் தவறில்லை. கழித்த பின் வைத்தியரிடமும் அழைத்துச் செல்லுங்கள். பதுளைப் போதனா வைத்தியசாலையில் மனநல வைத்தியர்கள் இருக்கின்றார்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்திலும், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் இலக்கத்திலும் தொலைபேசி வழியாக உதவி கேட்கலாம். காய்ச்சலுக்கு மருந்தெடுப்பதில் நமக்கு வெட்கமில்லை. இதிலும் வெட்கம் வேண்டாம்.

நேயர்களே, இனி நம் தோட்டத்துப் பிள்ளையொன்று பாடிப் பேரெடுத்து ஊர் திரும்பும்போது மாலை போடுங்கள், மனமார வாழ்த்துங்கள். மறுநாள் அதனைத் தண்ணீர்ப் பீலிக்குக் குடம் எடுத்துச் செல்லவும், சிநேகிதரோடு ஓடியாடவும், பிழையாகப் பாடவும், பாடாமலே இருக்கவும் விடுங்கள். கூத்து முடிந்ததும் காப்பை அவிழ்த்துவிடுவது நம் வழக்கம். அந்த வழக்கத்தை நம் பிள்ளைகளுக்கும் மறவாது செய்வோம்.