போர்வையை விலக்கிப் பாருங்கள்



என் தாயார் பக்கவாதம் வந்து பதினோரு மாதம் படுக்கையில் இருந்தார்கள். நாங்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். அதனால் ஒரு ஏஜென்சியில் சொல்லி, பார்த்துக்கொள்ள ஆள் வைத்தோம். தினமும் நோட்டில் எழுதியிருக்கும்: 'பி.பி. நார்மல். சாப்பாடு கொடுத்தாச்சு.' நாங்களும் நிம்மதியாக இருந்தோம்.

ஒருநாள் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு செவிலியர் வந்தார். அவர் நோட்டைத் தொடவில்லை. "அம்மா, கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுங்க" என்றார். போர்வையை விலக்கினார். இடுப்புக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். அத்தனை நாள் நோட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

வேலைக்கு வந்த பெண்ணைத் திட்ட வாயெடுத்தேன். செவிலியர் என்னைத் தடுத்தார். "இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கணும்னு இந்தப் பொண்ணுக்கு யார் சொல்லிக்கொடுத்தாங்க?" என்று கேட்டார். எனக்கு வாயடைத்துப் போயிற்று. பயிற்சி இல்லாமல் ஆளை அனுப்பியது ஒரு தப்பு. அதைக் கேட்காமல் கதவைத் திறந்துவிட்ட நான் செய்தது இன்னொரு தப்பு.

தோழர்களே, ஆஸ்பத்திரி வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் பார்ப்பார், ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் கேட்பார். வீட்டில் யார் கேட்பது? கதவைச் சாத்தினால் நடப்பது நாலு சுவருக்குத்தான் தெரியும்.

சாத்திய கதவு என்ன செய்யும் என்று நம் விழுப்புரம் மாவட்டத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 பிப்ரவரியில், விக்கிரவாண்டி பக்கம் குண்டலப்புலியூரில் ஒரு காப்பகத்திலிருந்து 140-க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். உரிய அனுமதி இல்லாமல் அது நடந்துவந்தது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. அத்தனை பேர் இருந்த கட்டடத்துக்கே அந்தக் கதி என்றால், தனி வீட்டில் ஒற்றைக் கட்டிலில் கிடப்பவரை யார் எண்ணுவது?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வாசலுக்கு வருகிறது. பிசியோதெரபியும் வலிநிவாரணச் சிகிச்சையும் வீடு தேடி வருகின்றன. 2024-இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. பெருமைதான். ஆனால் எத்தனை வீட்டுக்குப் போனோம் என்பது ஒரு கணக்கு. போன வீட்டில் வலி குறைந்ததா என்பது வேறு கணக்கு. முதல் கணக்கை அதிகாரி எழுதலாம். இரண்டாவதைப் படுத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

தனியார் ஏஜென்சிகளின் நிலை என்ன? வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களும் பதிவு செய்ய வேண்டும் என்று 2019-இல் மூத்த குடிமக்கள் சட்டத் திருத்த மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. நிறைவேறாமலே காலாவதியாகிவிட்டது.

கேரளத்தைப் பாருங்கள். 1993-இல் கோழிக்கோட்டில் வலிநிவாரணச் சிகிச்சைக்கென ஒரு சிறிய கிளினிக் தொடங்கியது. பிறகு அந்த வேலையை அக்கம்பக்கத்தார் கையில் எடுத்தார்கள். 2008-இல் அது மாநிலக் கொள்கையானது. உள்ளாட்சி அமைப்புகள் பொறுப்பேற்றன. அங்கே செவிலியர் மட்டும் போவதில்லை, அவரோடு ஊரும் வீட்டுக்குள் போகிறது.

நம்மாலும் முடியும். நான் கேட்பது மூன்று. ஒன்று, பயிற்சிச் சான்று காட்டாத ஆளை எந்த ஏஜென்சியும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இரண்டு, வருகை நோட்டு நோயாளியின் வீட்டிலேயே இருக்கட்டும்; வலி எவ்வளவு, புண் உண்டா, ராத்திரி தூக்கம் வந்ததா என்று அவர் சொன்னது சொன்னபடி அதில் ஏறட்டும். மூன்று, நம் ஊர்களில் வருஷத்துக்கு ஆறு கிராம சபை கூடுகிறது. எத்தனை பேர் படுக்கையில், எத்தனை பேருக்குப் புண், எத்தனை புகார் தீர்ந்தது என்ற எண்ணிக்கையை அங்கே வாசிக்கட்டும். பெயர் வேண்டாம், நோயாளியின் மானம் பெரிது. எண்ணிக்கை போதும், ஊர் விழித்துக்கொள்ளும்.

என் தாயாரின் புண் ஆற மூன்று மாதம் ஆயிற்று. ஆற்றியது, வேலைக்கு வந்த அதே பெண்தான். கற்றுக்கொடுத்த பிறகு, இரவிலும் அலாரம் வைத்து எழுந்து புரட்டிப் படுக்க வைத்தாள். ஆகவே நான் கேட்கும் கண்காணிப்பு யாரையும் தண்டிப்பதற்கு அல்ல. அந்தச் செவிலியர் செய்தாரே, போர்வையை விலக்கிப் பார்த்து, தெரியாதவளுக்குக் கற்றுக்கொடுத்தாரே, அதுதான். உங்கள் தெருவிலும் ஒரு கட்டில் இருக்கும். நாளைக்குக் காலையில் அங்கே போய், "ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேளுங்கள்.