பேசாலை நிலையத்தில் நின்ற ரயில்

(பாடசாலையின் நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



முதியோரின் உடல்நலம் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம், முழங்கால் என்று நான் தொடங்கினால் மதியச் சாப்பாடு ஆறிவிடும். ஆகவே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வயதான ஒருவர் திடீரென்று பழைய காலத்தைப் பற்றியே கதைக்கத் தொடங்கினால் வீட்டார் என்ன செய்ய வேண்டும்?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நம் நாட்டைப் புரட்டிப்போட்டது. மன்னாரிலும் வெள்ளம். ஆனால் கூடுதலான உயிர்களைப் பறித்தவை மலைநாட்டு மண்சரிவுகள். நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். பதுளை, கண்டி, நுவரெலியா என்று படங்கள் வந்தபடி இருந்த அந்த நாட்களில் பேசாலையிலிருந்து தங்கச்சி எனக்குப் போன் எடுத்தாள். என் பெரியம்மாவின் மகள்.

“அக்கா, அம்மாவுக்கு ஏதோ தடுமாறுது. ரயில் வருகுது, தோட்டத்துச் சனம் அழுதுகொண்டு போகுது எண்டு சொல்லிக்கொண்டே இருக்கிறா. சரியாச் சாப்பிடவும் இல்லை. நித்திரைக்கு ஏதும் குளிசை சொல்லுங்கோ.”

பெரியம்மாவுக்கு எழுபது வயது. இந்தப் பாடசாலையின் பழைய மாணவி. அடுத்த விடுமுறைக்கு நேரில் போய்ப் பார்த்தேன். இன்று என்ன கிழமை, என்ன மாதம், எந்தக் குளிசை எத்தனை மணிக்கு என்று கேட்டேன். எல்லாம் சரியாகச் சொன்னார். ரயில் நிலையங்களை ஒழுங்காகச் சொல்லச் சொன்னேன். பேசாலை, மன்னார், முருங்கன், மடு றோட், செட்டிகுளம், மதவாச்சி என்று நிற்காமல் போனார். “என்னடி, எனக்குச் சோதனை வைக்கிறியோ?” என்று ஒரு பார்வையும் பார்த்தார். தடுமாற்றம் உள்ளவர் அப்படிப் பார்க்க மாட்டார்.

சரி, அந்த ரயில் எது?

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாமற்போன மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று இரு பிரதமர்களும் முடிவெடுத்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். அந்த மக்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. ஒப்பந்தம் எழுதி இரண்டு மாதம் ஆகுமுன், நத்தாருக்கு இரண்டு நாள் இருக்க, பெரும் புயல் வந்து தனுஷ்கோடியை அழித்தது. அதுவரை தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் ஓடிய கப்பல் அதன்பின் இராமேஸ்வரத்துக்குப் போனது. அப்போது பெரியம்மாவுக்கு ஒன்பது வயது. அந்தப் புயலைப் பற்றியும் நிறையச் சொல்வார், அது வேறு கதை.

அறுபதுகளின் கடைசியிலிருந்து நாடு திரும்புவோர் என்று பெயரிடப்பட்ட அந்த மக்கள் ரயிலேறி வந்தார்கள். பொல்காவலை, மாகோ, அனுராதபுரம், மதவாச்சி கடந்து, மன்னார்த் தீவுக்குள் நுழைந்து, பேசாலையைத் தாண்டித் தலைமன்னார் இறங்குதுறைக்கு. மலையகத்தார் அதை ஒப்பாரிக் கோச்சி என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். திரும்புவோர் என்பது எப்படிப் பொருந்தும் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை. அவர்களில் பலர் இந்தியாவைக் கண்டதே இல்லை.

காலையில் பாடசாலைக்கு வரும் வழியில் பெரியம்மாவும் தோழியரும் நிலையத்தில் நின்று வேடிக்கை பார்ப்பார்களாம். தகரப் பெட்டி, கட்டிய பாய், சட்டி பானை, அம்மிக்குழவி, சாமிப் படம். ஒருநாள் ஜன்னலோரம் இருந்த ஒரு பெண்பிள்ளை, தன் வயதுதான் இருக்கும், பனையையும் மணலையும் பார்த்துவிட்டுப் பெரியம்மாவிடம் கேட்டதாம்: “ஏங்க, இதுவா இந்தியா?” தோழியர் சிரித்தார்கள். பெரியம்மா பதில் சொல்லுமுன் ரயில் எடுத்துவிட்டது. 1984இல் கப்பல் நின்றது. கடவுச்சீட்டோடு காத்திருந்த பலர் போகவும் முடியாமல், உரிமையோடு இருக்கவும் முடியாமல் நடுவில் கிடந்தார்கள்.

1990இல் எங்கள் முறை வந்தது. யூனில் போர் மூண்டபின் நாங்கள் பேசாலைக் கரையில் வள்ளமேறினோம். எனக்கு ஒன்பது வயது. இருட்டில் வள்ளம் தரைதட்டியபோது, “இதுதானா இந்தியா?” என்று பெரியம்மா ஓட்டியிடம் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏன் உடனே வாய்பொத்தி அழுதார் என்பதுதான் அன்றைக்குத் தெரியவில்லை. எங்களைப் பதிந்த மண்டபம் முகாம், ஒருகாலத்தில் இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரைத் தடுத்துவைத்துச் சோதித்த இடம்; பின்னர் அந்த ரயிலில் போனவர்களையும் ஏற்ற இடம். தங்கச்சி அப்போது கைக்குழந்தை. தண்டவாளமும் அந்த ஆண்டோடு போய், 2015 மார்ச் மாதம்தான் தலைமன்னாருக்கு மீண்டும் ரயில் வந்தது. அவளுக்கு ஒப்பாரிக் கோச்சி தெரிய நியாயமில்லை. சரிந்த மலையில் லயன் வீடுகளைக் கண்ட பெரியம்மாவுக்கோ அந்த ஜன்னல் தெரிந்தது. “அந்தப் பிள்ளையின்ர ஆக்கள் இதுக்குள்ள இருப்பினமோ?” என்பதுதான் அவருடைய கேள்வி.

இனி மருத்துவம். பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடையில் நடந்தவை முதுமையில் மிக அடர்த்தியாக நினைவுக்கு வரும். பல நாடுகளில் செய்த ஆய்வுகள் இதையே காட்டுகின்றன. ஒரு படமோ சத்தமோ மணமோ அதைக் கிளப்பிவிடும். இது நோயல்ல. குளிசை கொடுத்து உறங்கவைப்பது பல தடவை ஆளை விழுத்தி இடுப்பெலும்பை முறிக்கத்தான் உதவும்.

ஆனால், ஓரிரு நாளுக்குள் நாள் தெரியாமல், ஆள் தெரியாமல், பகல் முழுக்கத் தூங்கி இரவில் அலைந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். சிறுநீர்த் தொற்று, நீரிழப்பு, சோடியம் குறைதல், புதிதாகத் தொடங்கிய மருந்து என்று திருத்தக்கூடிய காரணம் இருக்கலாம். பழைய பயம் நெஞ்சுப் படபடப்பாகவும் கெட்ட கனவாகவும் வாரக்கணக்கில் நீடித்தாலும் உதவி தேவை. 2006 யூன் 17இல் நம் கோயிலுக்குள் கைக்குண்டு விழுந்ததைக் கண்டவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். அவர்களிடம் தோண்டித் தோண்டிக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் இருந்து கேளுங்கள்.

ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் அம்மாவுக்குப் போன் எடுக்கும் தோழியருக்கு ஒரு சொல். சாப்பிட்டீங்களா, குளிசை போட்டீங்களா என்பதோடு வைத்துவிடாதீர்கள். எந்த ஆண்டு, பக்கத்தில் யார் நின்றது, என்ன உடுப்பு என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். கேட்க ஆள் கிடைத்த அன்றைக்குப் பெரியம்மா இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டார்.

2023 யூலையில், மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டானதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். முன்னோர் நடந்துவந்த பாதை அது. போன பாதையைப் பற்றிச் சொல்ல நம் ஊரில் ஆள் இருக்கிறது. அந்தக் காலத்தில் தலைமன்னாரிலிருந்து ரயிலில் வந்து படித்த அக்காமார் இங்கே நாலைந்து பேராவது இருப்பீர்கள். நீங்கள் கண்டதைச் சங்கம் எழுதியெடுக்க விரும்புகிறது. தேநீர் வேளையில் என்னிடம் வாருங்கள். பெரியம்மாவும் வந்திருக்கிறார், மூன்றாம் வரிசை, நீலச் சேலை. அவருக்கு வலக்காது கேட்காது. இடப்பக்கமாக இருந்து கதையுங்கள்.