சுற்றுச்சூழல் விஞ்ஞானம் படிக்க விரும்புவோர்க்கு



சென்ற ஆண்டு கோடையில் ஒரு நாள் மாலை, உத்திரமேரூருக்கு அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தகப்பனாரும் அவருடைய மகளும் என்னைக் காண வந்தார்கள். தகப்பனார் ஒரு காலத்தில் என்னிடம் படித்தவர். ஏரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நஞ்சை பயிர் செய்கிறவர். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் விஞ்ஞானப் பிரிவில் நல்ல மதிப்பெண்களோடு தேறியிருந்தாள்.

"ஐயா, இந்தப் பெண் சுற்றுச்சூழல் விஞ்ஞானத்தில் ஆனர்ஸ் படிக்க வேண்டுமென்கிறாள். நர்ஸிங்கில் சேர்க்கலாமென்று நானும் இவள் தாயாரும் நினைக்கிறோம். ஏரியையும் குளத்தையும் பார்ப்பதற்கு ஒரு பட்டம் வேண்டுமா? தாங்கள் ஒரு வார்த்தை சொல்லவேண்டும்" என்றார் அவர்.

அவர் எதிர்பார்த்த வார்த்தை எது என்பது எனக்குத் தெரியும். ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, வேறொரு மாணவனுக்கு அதே வார்த்தையை நான் சொல்லியிருக்கிறேன். அவன் ஏரிக்கு வரும் பறவைகளையும், மழைக்குப் பின் கிணறுகளில் ஏறும் நீர்மட்டத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் குறித்து வைத்தவன். "இதைப் படித்து என்ன செய்வாய்? பொறியியல் கல்லூரியில் சேர்" என்று அவனை அனுப்பிவைத்தேன். அவன் நன்றாகவே இருக்கிறான். வெளிநாட்டில் கணிப்பொறி வேலை. அவனுக்கு நான் தீங்கு செய்துவிட்டதாகச் சொல்லமுடியாது. ஆனால் ஊருக்கு என்ன செய்தேன் என்பது சில ஆண்டுகளுக்குப் பின்னரே எனக்கு விளங்கிற்று.

எங்கள் பக்கத்தில் கல் குவாரிகள் உண்டு. அவற்றுள் ஒன்றின் பொருட்டு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கவிருந்தது. 2006ஆம் ஆண்டு மத்திய அரசாங்கம் வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெருந்தொழில்கள் பலவற்றிற்கு இசைவு தருமுன் அவ்வூர் மக்களைக் கேட்டாக வேண்டும். அறிக்கையை முன்னதாகவே பார்வைக்கு வைக்கவேண்டும். அதன் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் தரவேண்டும். அப்படியே வைத்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் அந்தத் தடித்த அறிக்கையை என்னிடம் கொண்டுவந்து, "சார்தான் படித்துச் சொல்லவேண்டும்" என்றார்கள். நான் படித்தேன். சொற்கள் புரிந்தன, பொருள் புரியவில்லை. காற்றில் கலக்கும் தூசியின் அளவு என்று அட்டவணை அட்டவணையாக இருந்தது. அந்த அளவு நல்லதா கெட்டதா, எந்தப் பருவத்தில் அளந்தது, காற்று எத்திசையில் வீசியபோது அளந்தது என்று கேட்க எனக்குத் தெரியவில்லை. கூட்டத்தன்று நாங்கள் உரக்கப் பேசினோம். ஆனால் ஒரு கேள்விகூட அறிக்கைக்குள் புகுந்து கேட்கவில்லை. பறவைக் கணக்கு எழுதிய அந்தப் பையனின் நினைவு அன்றுதான் எனக்கு வந்தது.

இவ்விடத்தில் எங்கள் ஊரின் பழமையைச் சிறிது சொல்லவேண்டும். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், உத்திரமேரூர்ச் சபையார் குடவோலை முறையில் வாரியப் பெருமக்களைத் தெரிந்தெடுப்பதற்கு வகுத்த விதிகள் இன்றும் கல்லில் நிற்கின்றன. தேர்தலின் தொன்மைக்குச் சான்றாக அவற்றை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். நான் காட்ட விரும்புவது வேறொன்று. முப்பது குடும்புகளிலிருந்து எடுத்த பெயர்களில், ஊரின் பொது நிர்வாகத்தைக் கவனிக்கும் சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் அமர்த்தப்பட்டார்கள். சம்வத்சர வாரியத்துக்கு யாரை எடுப்பது என்ற கேள்வி எழுந்தபோது, கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்களோடு, முன்னரே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணிசெய்தவர்களையும் எடுக்க விதித்தார்கள். மண்ணையும் நீரையும் கவனித்துப் பழகியது ஊரை ஆள்வதற்கு ஒரு தகுதியாக மதிக்கப்பட்டது. கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் வாரியத்துக்கு வரலாகாது என்றும் விதி இருந்தது. கல்வெட்டுகளில் வைரமேகத் தடாகம் எனப் பெயர் பெற்ற எங்கள் பேரேரி பல நூற்றாண்டுகள் தூர்ந்துபோகாமல் நின்றது இத்தகைய கண்காணிப்பினால்தான்.

ஆனால் பழம்பெருமை பேசுகிறவன் முழுவதையும் பேசவேண்டும். அந்தக் குடத்தில் இடப்பெற்ற ஓலைகள் சொந்த மனையும் இறை செலுத்தும் நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்களின் பெயர்களைத் தாங்கியவை. ஏரியில் வண்டல் வாரியவர்களின் பெயரோ, நாற்று நட்ட பெண்களின் பெயரோ அவற்றில் இருந்திருக்க முடியாது. என் முன் நின்ற பெண்ணின் பெயரும் அந்தக் குடத்தில் இடம் பெற்றிராது. இன்று ஏரியின் கணக்கைக் கேட்கும் தகுதியை அவள் ஒரு பட்டத்தினால் பெறலாம் என்பது சிறிய மாறுதல் அன்று.

சரி, இந்தப் படிப்பில் என்ன கற்கிறார்கள்? உயிரினங்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழும் முறை, நீர், மண், காற்று ஆகியவற்றின் இரசாயனம், நிலவியல், புள்ளியியல், வானிலை, செயற்கைக் கோள் படங்களைப் படிக்கும் முறை, சுற்றுச்சூழல் சட்டங்கள் ஆகிய எல்லாம் இதில் அடங்கும். பல சாத்திரங்கள் சேர்ந்த படிப்பாதலால் எதுவும் ஆழமாக இராது என்று சிலர் குறை கூறுவர். ஒரே ஓர் உதாரணம் தருகிறேன்.

நீர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை அறிய ஒரு சோதனை உண்டு. அதற்கு உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவை என்று பெயர். ஏரி நீரைப் புட்டியில் எடுத்து, அதில் கரைந்துள்ள ஆக்ஸிஜனை அளந்துவிட்டு, வேறு சில புட்டிகளைக் காற்றுப் புகாமல் மூடி இருட்டில் வைக்கிறார்கள். நீரில் கழிவு மிகுதியானால், அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆக்ஸிஜனை விரைவாகச் செலவிட்டுவிடும். பிறகு மீண்டும் அளந்தால் செலவு தெரிந்துவிடும். பிரிட்டனில் இச்சோதனையை 20 டிகிரி வெப்பத்தில் ஐந்து நாள் வைத்துச் செய்யும் வழக்கம் ஏற்பட்டது. நம் நாட்டின் தர நிர்ணயமோ 27 டிகிரியில் மூன்று நாள் என்கிறது. நம் நீர் வெதுவெதுப்பானது. நுண்ணுயிர்கள் விரைந்து வேலை செய்கின்றன. மூன்று நாளா ஐந்து நாளா என்ற இந்தச் சிறு வித்தியாசத்துக்குள் இரசாயனமும் உயிரியலும் தட்பவெப்பமும் அடங்கிவிடுகின்றன. பிற தேசத்துப் புத்தகத்தை நெட்டுருச் செய்தவனுக்கு நம் ஏரி விளங்காது என்ற பாடமும் அதில் இருக்கிறது.

இந்த அளவைகளால் என்ன பயன் என்று கேட்பவர்கள் பாலாற்றைப் பார்க்கவேண்டும். எங்கள் வட்டாரத்தின் செய்யாறு திருமுக்கூடலில் சென்று கலப்பது அந்தப் பாலாற்றில்தான். மேற்கே வேலூர்ப் பகுதியின் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் விட்ட கழிவு அந்த ஆற்றைக் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவனே ஈடு செய்யவேண்டும் என்ற கொள்கையும், தீங்கு நேருமுன்னரே காக்கவேண்டும் என்ற கொள்கையும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது. தீர்ப்பின் முற்பகுதியைப் பார்த்தால், அது எண்களின் மேல் எழுந்திருப்பது தெரியும். தோல் தொழில் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்று வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் கண்டறிந்ததை நீதிபதிகள் குறிப்பிடுகிறார்கள். திண்டுக்கல் பக்கம் 13 ஊர்களில் 467 கிணறுகளை எண்ணிப் பார்த்து, 350 கெட்டுவிட்டன என்று கண்ட ஒரு கணக்கும் அதில் வருகிறது. யாரோ சிலர் வெயிலில் நடந்து கிணறு கிணறாகப் பார்த்து எழுதினார்கள். அந்த எழுத்து நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. காயம் இன்னும் ஆறிவிடவில்லை. 2025 ஜனவரியிலும் அதே தோல் கழிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவு பிறப்பிக்க வேண்டியிருந்தது. ஆதலால் எண்ணுகிறவர்களின் வேலையும் முடியவில்லை.

மறுபுறத்தில், காத்ததனால் பலன் கண்ட ஊரும் நமக்கு அருகிலேயே இருக்கிறது. வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிக்கு வரும் பறவைகளைச் சுடலாகாது என்று முறையிட்டு, 1798ஆம் ஆண்டிலேயே அப்போதைய கலெக்டரிடம் உரிமை பெற்றார்கள். பறவைகளின் எச்சம் கலந்த நீர் தங்கள் பயிருக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஏரியும், அருகிலுள்ள கரிக்கிலி ஏரியும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. அவ்வூரார் பட்டம் பெற்றவர்கள் அல்லர்; ஆனால் கூர்ந்து கவனித்தவர்கள்.

இனி, அந்தத் தகப்பனாரின் கவலைக்கு வருகிறேன். அது நியாயமான கவலை. இந்தப் பட்டம் பெற்றவுடன் வேலை வாசலில் வந்து நிற்கும் என்று நான் சொல்லமாட்டேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போன்ற இடங்களில் பதவிகள் உண்டு. ஆனால் அவற்றிற்கு எந்தப் பட்டம் வேண்டும் என்பதை அவ்வப்போது வரும் அறிவிக்கையில் பார்த்துக்கொண்டே பாடத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும். கல்லூரி ஆசிரியர் பணிக்குப் போகவேண்டுமானால் முதுகலையும் தேவை. ஆனர்ஸ் என்ற பெயரைக் கண்டு மட்டும் மயங்குதல் கூடாது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பல இடங்களில் அது நான்காண்டுப் படிப்பாகியிருக்கிறது. ஓராண்டு கூடுதலாவது ஏழைக் குடும்பத்துக்கு ஓராண்டுச் செலவு கூடுவதே ஆகும். ஆகவே சோதனைக்கூடம் எப்படி, களப்பணி உண்டா, விடுதி உண்டா, உதவித்தொகை எவ்வளவு என்று நேரில் விசாரித்த பிறகே சேரவேண்டும்.

மாணவர்களுக்கும் இரண்டு சொற்கள். கணிதத்தையும் இரசாயனத்தையும் விட்டுத் தப்பிக்க இந்தப் படிப்புக்கு வராதீர்கள். இங்கே இரண்டும் வேண்டும். மற்றொன்று, பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் ஊரின் சொற்களை மறவாதீர்கள். மதகு, கலங்கல், வண்டல், நீர்வரத்துக் கால்வாய், நீர்ப்பிடிப்பு என்ற சொற்களில் முன்னோரின் அனுபவம் இருக்கிறது. மடை திறக்கும் முதியவரிடம் பத்து நாள் உடன் நடந்தால் ஒரு பருவத்துப் பாடத்தைக் கற்கலாம். நீங்கள் கற்றதை அவருக்கு அவர் மொழியில் திருப்பிச் சொல்ல முடிந்தால், நீங்கள் தேறிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இவற்றையெல்லாம் அன்று மாலை அந்தத் தகப்பனாரிடம் சொன்னேன். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நான் வாயடைத்து நின்றதையும் மறைக்கவில்லை. அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் ஊருக்கு ஓர் ஆள் வேண்டும் என்கிறீர்கள். அது என் பெண்ணாகத்தான் இருக்கவேண்டுமா, ஐயா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை. "அவள் விரும்பினால்" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெண் தலையை நிமிர்த்தி, "நான் விரும்புகிறேன்" என்றாள்.

இப்போது அவள் முதலாண்டு படிக்கிறாள். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது ஏரி நீரைப் புட்டியில் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். பிறகு தகப்பனார் தொலைபேசியில் கேட்டாராம்: "நம் ஏரி நீர் நல்லதா, கெட்டதா?" அவள் சொன்ன பதிலை அவர் என்னிடம் சற்றே குறையோடு தெரிவித்தார்: "ஒரு புட்டியை வைத்துச் சொல்ல முடியாது அப்பா. மழைக்கு முன்னும் பின்னும், மதகடியிலும் நடு ஏரியிலும் எடுத்துப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்."

அவருக்கு அது விடையாகத் தோன்றவில்லை. அன்றைய கூட்டத்தில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை அந்தப் பெண் கேட்கத் தொடங்கிவிட்டாள் என்று நான் அவருக்கு எடுத்துச் சொன்னேன். ஆடி பிறக்குமுன், மழை தொடங்குவதற்குள், இரண்டாவது புட்டிக்காக அவள் வருவதாக இருக்கிறாள்.