தலைவர் இல்லாத மன்றம்



1932-இல் சிட்னி துறைமுகப் பாலத்தின் திறப்பு விழா. மாநில முதல்வர் ரிப்பன் வெட்டக் காத்திருந்தபோது, குதிரையில் வந்த ஒருவர் வாளை உருவி முந்திக்கொண்டு வெட்டிவிட்டார். அவரைக் குதிரையிலிருந்து இழுத்து இறக்கியவர் வில்லியம் மக்கே என்ற போலீஸ் அதிகாரி. கறாரான மனிதர். 1935-இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் காவல் ஆணையரானார். இரண்டே ஆண்டில், துறைமுகத்தை ஒட்டிய வூலுமூலூ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில், பையன்களுக்காகப் போலீஸ் மன்றம் ஒன்றைத் தொடங்கினார்.

1948 ஜனவரியில், பதவியில் இருக்கும்போதே மக்கே இறந்துபோனார். மன்றம் அவரோடு போகவில்லை. பெண் பிள்ளைகளும் பின்னாளில் சேர்ந்தார்கள். இன்று அந்த மாநிலத்தில் மட்டும் 60-க்கும் மேற்பட்ட மன்றங்கள் நடக்கின்றன. ஆரம்பத்திலேயே ரோட்டரி சங்கத்தையும் ஊராரையும் அவர் சேர்த்துக்கொண்டதுதான் இதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். அது அவர் ஒருவரின் சொந்த முயற்சியாக இருந்திருந்தால், அடுத்து வந்தவருக்கு அது ஒரு கோப்பாக மட்டுமே இருந்திருக்கும்.

நம் ஊரிலும் காவல்துறையின் சிறார் மன்றங்கள் இருக்கின்றன. ஆணையர் பெயர் அங்குள்ள பிள்ளைக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் தினமும் வரும் ஏட்டையாதான். கேரம் போர்டில் பவுடர் தூவிக்கொண்டே, "அப்பா நேத்தும் குடிச்சிட்டு வந்தாரா?" என்று மற்றவர் காதில் விழாமல் கேட்பவர் அவர். எந்தப் பையன் பள்ளிக்கூடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டான், எவன் யாரோடு சுற்றுகிறான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எந்தப் பதிவேட்டிலும் அது ஏறுவதில்லை. அவர் திடீரென்று இறந்துவிட்டால், காக்கிச்சட்டையை நம்பலாம் என்று அப்போதுதான் நினைக்கத் தொடங்கிய பிள்ளை மறுபடி தெருவுக்கே போய்விடும்.

அதனால்தான், அவர் நன்றாக இருக்கும்போதே இன்னொரு காவலர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பழக வேண்டும். மன்றத்தில் வளர்ந்த ஒரு பையனோ பெண்ணோ பயிற்சி கொடுக்கத் தொடங்க வேண்டும். மன்றத்தின் கணக்கும் சாவியும், ஊர்க்காரர்களையும் சேர்த்த ஒரு குழுவிடம் இருக்க வேண்டும்.

அவர் இறந்த பிறகு? பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இறுதி மரியாதையில் அவர்களுக்கும் இடம் கொடுங்கள்; அவரை இழந்தவர்களில் அவர்களும் உண்டு. நினைவுக் கோப்பைப் போட்டியைப் பிறகு நடத்தலாம். முதலில் மன்றம் வழக்கமான நேரத்துக்குத் திறக்க வேண்டும். புதிதாக வருபவர் முதல் மாதத்திலேயே ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் ஒரு தடவை போய் வரட்டும். அவரை மூன்று ஆண்டுகளுக்காவது இடமாற்றம் செய்யாதீர்கள் என்று காவல்துறை உயர் அதிகாரிகளை இந்த வானொலி வழியாகவே கேட்டுக்கொள்கிறேன்.