மினாவும் அனாவும்



இந்தக் கருத்தரங்கின் அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "அரபியையும் சூலுவையும் ஒப்பிட ஆவடிதான் கிடைத்ததா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஒன்று செமித்தியக் குடும்பம், இன்னொன்று பான்டுக் குடும்பம். இரண்டுக்கும் நமக்கும் மொழியுறவு கிடையாது. ஆனால் இந்த இரண்டு மொழிகளையும் புத்தகமில்லாமல், வாத்தியார் இல்லாமல், பிழைப்புக்காகக் கற்றுக்கொண்டவர்களில் தமிழர் கணிசமானவர்கள். அந்த உரிமையில்தான் இந்த அரங்கில் கூடியிருக்கிறோம்.

இந்த ஒப்பீடு நேற்று தொடங்கியதும் இல்லை. 1851இல் வில்ஹெல்ம் பிளீக் என்ற ஜெர்மானியர் பான் பல்கலைக்கழகத்தில் இலத்தீனில் ஓர் ஆய்வேடு அளித்தார். தென்னாப்பிரிக்க மொழிகள், காப்டிக், செமித்திய மொழிகள் ஆகியவற்றில் பெயர்ச்சொல்லின் பால் எப்படி அமைகிறது என்பது அதன் பொருள். 1855இல் பிஷப் கொலென்சோவுடன் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போய்ச் சூலு கற்றார். மறு ஆண்டு, 1856இல், கால்டுவெல்லின் திராவிட ஒப்பிலக்கணம் வெளிவந்தது. 1862இல் பிளீக்கின் தென்னாப்பிரிக்க ஒப்பிலக்கணத்தின் முதல் பகுதி வந்தது. அங்கே ‘பான்டு’, இங்கே ‘திராவிடம்’: இரண்டு குடும்பப் பெயர்களும் நிலைபெற்றது ஏறக்குறைய ஒரே பத்தாண்டில்.

பிளீக்கின் உழைப்பு பெரிது. அவர் வந்து சேர்ந்த முடிவுதான் விபரீதம். ஆண்பால் பெண்பால் என்று உயிரற்ற பொருளுக்கும் பால் வகுக்கும் மொழியினருக்கே கற்பனையும் புராணமும் வாய்க்கும், சூலு போன்ற மொழியினருக்கு அந்த வாய்ப்புக் குறைவு என்றார். அரபியில் சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால். தமிழில் இரண்டும் அஃறிணை. இந்த அளவுகோலை நம்மீது வைத்தால் சங்கப் பாடல்களே இருந்திருக்கக் கூடாது!

முடிவை விட்டுவிடுவோம். அவர் கேட்ட கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு பெயர்ச்சொல் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பேசுபவர் வினையில் எப்படிக் காட்டியாக வேண்டும்?

‘மனிதர்கள் போகிறார்கள்’, ‘நாய்கள் போகின்றன’ என்ற இரண்டு வாக்கியங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துத் தமிழில் இரண்டும் பன்மை. அம்பத்தூர்ப் பேச்சில் என்ன சொல்வோம்? "நாயிங்க போவுது." பெயரில் பன்மை, வினையில் ஒருமை. உயர்திணைக்கு இப்படிச் செய்வதில்லை. "ஆளுங்க போறாங்க" என்றுதான் சொல்வோம். ‘நாயிங்க போவுது’ என்பதை இலக்கண ஆசிரியர்கள் வழு என்று அடிக்கோடிடுவார்கள். இப்போது அரபிக்குப் போங்கள். ‘அர்-ரிஜாலு யத்ஹபூன்’, ஆண்கள் போகிறார்கள்: வினையும் பன்மை. ‘அல்-கிலாபு தத்ஹபு’, நாய்கள் போகின்றன: பெயர் பன்மை, வினையோ பெண்பால் ஒருமை! இது கொச்சை இல்லை. இலக்கண நூல்கள் விதிக்கும் செம்மையான அரபி. பகுத்தறிவுடையவை, அல்லாதவை என்று அரபி இலக்கண மரபு பிரிக்கிறது. நாம் உயர்திணை, அஃறிணை என்கிறோம். யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. நாம் கொச்சை என்று ஒதுக்கும் இடத்தில் அரபி விதி எழுதி வைத்திருக்கிறது.

சூலு இந்தப் பிரிவினைக்கு இசையவில்லை. ‘அபன்ட்டு பயஹம்பா’, மக்கள் போகிறார்கள். ‘இஸின்ஜா ஸியஹம்பா’, நாய்கள் போகின்றன. ‘அப’வுக்குப் ‘ப’, ‘இஸி’க்கு ‘ஸி’: பெயரின் முன்னொட்டு எதுவோ அதன் எதிரொலி வினையில் கேட்கும். மக்களானாலும் நாய்களானாலும் பன்மைக்குரிய மரியாதை குறையாது. மனிதரைக் குறிக்கும் சொற்களுக்கென்று ஒரு வகுப்பு உண்டு என்றாலும் அது வேலி போட்ட வகுப்பு இல்லை. ஆண்மகனைக் குறிக்கும் ‘இன்டொடா’வும் நாயைக் குறிக்கும் ‘இன்ஜா’வும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கின்றன, இரண்டுக்கும் வினை ‘இயஹம்பா’தான். குழந்தையைக் குறிக்கும் ‘இங்கானே’வும் அங்கேதான் இருக்கிறது. இதைக் கேட்டு யாரும் முகம் சுளிக்க வேண்டாம். நாமும் ‘குழந்தை அழுகிறது’ என்றுதானே சொல்கிறோம்?

இவ்வளவு நுட்பமான இணைப்புகள் பிழைப்புக்கு வந்தவர் வாயில் என்ன ஆகின்றன? இந்தக் கருத்தரங்கில் நான் அதிகம் எதிர்பார்ப்பது இதைத்தான்.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் புறப்பட்டு, நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போன இந்தியர் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். கரும்புத் தோட்டத்தில் அவர்கள் பிடித்துக்கொண்டது இலக்கணச் சூலு அல்ல, ஃபானகலோ: சூலுச் சொற்களை ஆங்கிலப் போக்கில் அடுக்கிய கலப்புமொழி. ‘எனக்குத் தெரியாது’ என்பதற்கு அதில் ‘மினா ஐக்கோனா அஸி’. மினா என்றால் நான், ஐக்கோனா என்றால் இல்லை, அஸி என்றால் அறி. வகுப்பு முன்னொட்டும் எதிரொலியும் போயே போய்விட்டன.

வளைகுடாவுக்கு வாருங்கள். 1973இல் எண்ணெய் விலை ஏறிய பிறகு வெல்டர், ஃபிட்டர், டிரைவர் என்று கிளம்பியவர்கள் பேசும் அரபியை இங்கே பல வீடுகளில் கேட்டிருப்பீர்கள். ‘எனக்குத் தெரியாது’ அங்கே ‘அனா மாஃபி மாலூம்’. தனியாக ஒரு ‘நான்’, எல்லாவற்றையும் மறுக்கும் ஒரே ஓர் ‘இல்லை’, உருமாறாத ஒரு சொல். இலக்கணத்தில் வடக்கும் தெற்குமாக நிற்கும் இரண்டு மொழிகள் கூலிக்காரர் வாயில் ஏறக்குறைய ஒரே வாக்கியத்துக்கு வந்துவிட்டன. (மினா, அனா, நான், மூன்றிலும் ‘னா’ ஒலிக்கிறதே என்று குறித்துக்கொள்ளும் ஆய்வாளர்கள் தயவுசெய்து பேனாவை மூடிவிடலாம்.)

தமிழனுக்கு வராததால் உதிர்ந்தது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வினையில் திணை, பால், எண், இடம் எல்லாம் காட்டிப் பழகிய நாக்கு அது. ஃபானகலோவை நேட்டால் இந்தியர்தான் உண்டாக்கினார்கள் என்று 1953இல் மொழியியலாளர் கோல் எழுதினார். 1860க்கு முன்பே, குடியேறிய வெள்ளையருக்கும் சூலு மக்களுக்கும் இடையே அது புழங்கியதற்குச் சான்று காட்டி மொழியியலாளர் ராஜேந்த் மெஸ்த்ரி அதை மறுத்தார். வளைகுடாவிலும் அப்படித்தான். அந்நிய ஊழியரிடம் பேசும் அரபியர் தாமே வினையைத் திரிக்காமல் சொல்கிறார்கள். அதனால், உதிர்த்தவர் வேலையாள் மட்டுமா, வேலை வாங்கியவருமா என்று கட்டுரையாளர்கள் கேட்டாக வேண்டும்.

அரபியும் சூலுவும் தமிழும் உண்மையாகவே அக்கம்பக்கமாக வாழ்ந்த ஊர் ஒன்றும் உண்டு. அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட மக்கள் 1873 முதல் சான்சிபாரிலிருந்து டர்பனுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பலர் மக்குவா மொழி பேசும் முஸ்லிம்கள். தொழுகையில் அரபி, வெளியே சூலு. 1960களில் நிறவெறி அரசு இவர்களை ‘ஆசியர்’ கணக்கில் சேர்த்து டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக்கு அனுப்பியது. அதே நகரின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து விரட்டப்பட்ட தமிழ்க் குடும்பங்களும் அங்கேதான் வந்து சேர்ந்தன. அந்தத் தெருக்களின் பேச்சைப் பற்றி ஒரு தமிழ் நூல் எழுதப்பட வேண்டும்.

அதற்கு டர்பன் வரை போக முடியாதவர்களுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டை இருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் அங்கே தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பேச்சில் ‘போறான், போறா, போவுது’ மூன்றும் நிற்கின்றனவா, ஒன்று மற்ற இரண்டையும் விழுங்கிவிட்டதா? பட்டறையில், அவர்கள் சம்மதத்தோடு, முழு வாக்கியங்களாகப் பதிவு செய்யுங்கள். மேஸ்திரி அவர்களிடம் பேசும் தமிழையும் விடாமல் சேர்த்துப் பதியுங்கள். முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.