தவறிய பஸ்ஸும் பிடித்த பஸ்ஸும்

கைவிட்ட வழி ஒவ்வொன்றிலும் அதே ஆள் வேறோர் உலகத்தில் வாழ்ந்துகொண்டிருக்கிறான் என்ற ஊகத்தின் மேல் எழுவது பல்லுலகக் கதை. தமிழ்ப் படத்துக்கு இந்த ஆசை பழையது. 1940இல் வந்த ‘உத்தம புத்திரன்’ படத்தில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் போட்டார். 1965இல் ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் எம்.ஜி.ஆர். ஒரே முகத்தோடு கோழையாகவும் துணிந்தவனாகவும் வந்தார். எப்படி வளர்ந்திருந்தால் யாராகியிருப்போம் என்ற கேள்வி அவற்றிலும் உண்டு. ஆனால் அவை இரண்டு ஆட்களின் கதைகள்.

ஒரே ஆளை இரண்டு விதமாக வாழவைத்தது 2001இல் ஒளிப்பதிவாளர் ஜீவா முதன்முதலாக இயக்கிய ‘12 பி’. நேர்முகத் தேர்வுக்குப் புறப்படும் இளைஞன் 12 பி பஸ்ஸைப் பிடித்தால் ஒரு வாழ்க்கை, தவறவிட்டால் இன்னொன்று. கொழும்பு ஜிந்துப்பிட்டியில் காலை நேரம் பஸ் தரிப்பிடத்தில் நிற்கும் எவருக்கும் விளக்கம் தேவைப்படாத தொடக்கம் இது. கருவுக்கு மூத்த உறவினர் வெளியே இருக்கிறார்கள். 1998இல் வந்த ‘ஸ்லைடிங் டோர்ஸ்’ லண்டன் சுரங்க ரயிலை வைத்து இதையே சொன்னது. அதற்கும் முன்னதாக, 1981இல் போலந்து இயக்குநர் கிஷ்லோவ்ஸ்கி எடுத்த ‘பிளைண்ட் சான்ஸ்’ படத்தில், ரயிலைத் துரத்தி ஓடும் மாணவன் ஒருவனுக்கு மூன்று வாழ்க்கைகள். ஒன்றில் அவன் கட்சிக்காரன், ஒன்றில் எதிர்ப்பாளன், ஒன்றில் எதிலும் சேராத மருத்துவன். அந்நாட்டுத் தணிக்கை அதை 1987 வரை வெளியே விடவில்லை. ‘12 பி’யில் அரசியலும் இல்லை, குடும்பமும் பெரிதாக இல்லை. சிம்ரனா, ஜோதிகாவா என்பதே கேள்வி. கட்டமைப்பில் துணிச்சல் காட்டிய படம், எதை இழந்தோம் என்பதில் மெலிந்துபோனது.

அந்தக் குறையைத் தீர்த்தது 2022 செப்டெம்பரில் வெளியான ‘கணம்’. ஸ்ரீ கார்த்திக் இயக்கிய இப்படம் தெலுங்கில் ‘ஒகே ஒக ஜீவிதம்’ என்ற பெயரில் வந்தது. மேடையில் ஏறினாலே நடுங்கும் கிற்றார் கலைஞன் ஆதி, 1998இல் விபத்தில் இறந்த தாயைக் காப்பாற்ற விரும்புகிறான். அவனுடைய இரண்டு நண்பர்களுக்கும் ஆளுக்கொரு மனக்குறை: ஒருவனுக்குப் படிக்காமல் விட்டது, மற்றவனுக்குப் பெண் விஷயம். நாசர் நடித்த விஞ்ஞானி காலத்தைக் கடக்கும் எந்திரத்தைத் தருகிறார். எந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதில் படம் நேரத்தைச் செலவிடாதது நல்லது. வளர்ந்த மனிதர்கள் தங்கள் சிறு வயது உருவங்களையே சந்தித்து அதட்டுவதும் கெஞ்சுவதும்தான் படத்தின் சிறந்த பகுதி. அம்மாவாக அமலா. முன்னே நிற்பவன் தன் மகன் என்று தெரியாமலே அவனை உபசரிக்கும் காட்சிகளில் அவர் குரலை உயர்த்துவதே இல்லை. கடைசியில் விதி மாறுவதில்லை, தாய் மீள்வதில்லை. மகன் திரும்பக் கொண்டுவருவது துணிவை மட்டுமே. பல்லுலகக் கதைக்குள் ஊழ் வந்து உட்கார்ந்துகொள்வது தமிழ்ப் படத்தின் இயல்பு என்றே கொள்ளலாம்.

இதே பொருளைத் தாயின் பக்கமிருந்து எடுத்த படம் ‘எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் வன்ஸ்’. டேனியல் குவான், டேனியல் ஷைனர்ட் என்ற இருவர் இயக்கி 2022இல் வந்தது. அடுத்த ஆண்டு சிறந்த படம் உட்பட ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. மலேசியாவில் பிறந்த மிஷேல் யோ நடித்த எவலின், அமெரிக்காவில் சலவைக்கடை நடத்தும் சீனப் பெண். வரிக் கணக்கு குழம்பிக் கிடக்கிறது, கணவன் விவாகரத்துப் பத்திரத்தோடு நிற்கிறான், மகள் விலகிப் போகிறாள், தகப்பனார் சக்கர நாற்காலியில் இருக்கிறார். எல்லா உலகங்களிலும் உள்ள எவலின்களில் மிகவும் தோற்றுப்போனவள் இவள்தான். ஆகவேதான் மற்ற எல்லாரின் திறமையையும் இவளால் கடன் வாங்க முடிகிறது என்பது கதையின் அருமையான தந்திரம். உலகம் தாண்டுவதற்கு உதட்டுக் களிம்பைத் தின்பது போன்ற கிறுக்குச் செயல் ஒன்றைச் செய்தால் போதும். நடுப்பகுதியில் இந்தக் கிறுக்கு அளவு மீறுகிறது. விரல்கள் சொசேஜாக மாறிய உலகம் எல்லாருக்கும் சிரிப்பு மூட்டாது. ஆனால் உயிரே தோன்றாத உலகத்தில் தாயும் மகளும் இரண்டு பாறைகளாக, ஒலியின்றி, எழுத்திலேயே பேசிக்கொள்ளும் காட்சி அத்தனை இரைச்சலுக்கும் ஈடு செய்துவிடுகிறது.

இப்படம் கொழும்புத் தமிழருக்கு நெருக்கமாவது புலம்பெயர்வால். தகப்பன் சொல்லைத் தட்டிக் காதலனோடு கடல் கடந்தவள் எவலின். போகாமல் இருந்திருந்தால் திரைப்பட நட்சத்திரமாகியிருப்பாள் என்று இன்னோர் உலகம் காட்டுகிறது. 1983 இனக்கலவரத்துக்குப் பின் வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் போன குடும்பங்களிலும், போகாமல் நின்ற குடும்பங்களிலும் இந்தக் கணக்கு அடிக்கடி போடப்படுவதுதான். படத்திலும் தாத்தாவின் மொழி பேத்திக்கு அரைகுறை. நடுவில் நிற்கும் தாய், மகளின் காதலியைத் தாத்தாவுக்கு வெறும் சிநேகிதி என்று மாற்றிச் சொல்லிவிடுகிறாள். மகளின் மனக்கசப்பு முழுக்க அந்த ஒரு வார்த்தைக்குள் அடங்கிவிடுகிறது.

இரண்டு படங்களையும் அருகருகே வைத்தால் ஒரு வேறுபாடு தெரிகிறது. ‘கணம்’ தாயை இழந்தவனின் ஏக்கத்தைச் சொல்கிறது. தாயின் ஏக்கம் என்ன என்று அது கேட்கவில்லை. அங்கே அவள் முழுமையானவள், அன்பே உருவானவள். எவலினுக்கோ எரிச்சல் உண்டு, பொறாமை உண்டு, மகளின் உடம்பைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொல்லும் பழக்கமும் உண்டு. வாழாமல் விட்ட வாழ்க்கைகளையெல்லாம் பார்த்து முடித்த பிறகும் அவள் சலவைக்கடைக்கே வருகிறாள்; வரிக் கணக்கையும் கட்டியாக வேண்டியிருக்கிறது.